ஐந்தரைக் கட்டைக்கு ஒரு பெட்டி

ஜனவரி 5, ஞாயிறு

மருமகன் கடைக்கு பம்புசெட் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி இது. யாரும் தொடவில்லை, நான் எடுத்துக்கொண்டேன். மறந்துவிடும் என்று எழுதவில்லை. எனக்கு எதுவும் மறக்காது. மற்றவர்கள்தான் சொன்னதை மறந்துவிட்டு, அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதிக்கிறார்கள். அவர்களிடம் எடுத்துக் காட்ட வேண்டும், அதற்குத்தான். படித்தது ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தை விட்டு என்னை நிறுத்திய அன்று நான் போட்டிருந்தது கிளிப்பச்சைப் பாவாடை. நிறுத்தியது யார் பேச்சைக் கேட்டு என்பதும் தெரியும். அந்தச் சித்தி செத்ததற்கு நான் போகவில்லை.

இன்று பைபாஸ் ரோட்டில் செண்பகா ஹோட்டல் வைத்திருக்கும் தங்கமாரி வீட்டுக்கு வந்தார். சின்ன வயதில், நான் பாடிய மெல்லிசைக் குழுவின் கச்சேரியை மரத்தில் ஏறி உட்கார்ந்து கேட்டவராம். சனிக்கிழமை சாயங்காலம் அவர் ஹோட்டலில் ஒருவன் ட்ராக் போட்டுப் பாடுகிறான். போனில் இருந்து இசை வருகிறது, அவன் வாயை அசைக்கிறான். சாப்பிட வருகிறவர்களுக்கு அலுத்துவிட்டதாம். நேராக வாசித்துப் பாடும் ஆள் வேண்டும் என்றார். கை கழுவும் இடத்துக்கும் ஃபேமிலி ரூமுக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரத்தான் இடம். எத்தனை பேர் வருவீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

நான் ஒருத்திதான் என்றேன். அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

பிப்ரவரி 8 சனிக்கிழமை, ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை பாடிக் காட்ட வேண்டும். பிடித்தால் எல்லாச் சனிக்கிழமையும் எனக்கு. பிடிக்காவிட்டால் ட்ராக்காரனே இருப்பான். வீட்டில் ஆர்மோனியம் இருக்கிறது, ஆனால் பரோட்டா தட்டுகிற சத்தத்தில் அது எடுபடாது. பெட்டி வாங்க வேண்டும். கீபோர்டு என்கிறார்கள், எனக்குப் பெட்டிதான்.

அறுபத்தேழு வயதில் வாரத்தில் ஒரு நாள் எனக்கென்று வருகிறது. விடுவதாக இல்லை.

ஜனவரி 6, திங்கள்

கோமதி முகம் கொடுத்துப் பேசவில்லை. பெற்ற தாய் ஹோட்டலில் பாடுவது அவளுக்குக் கௌரவக் குறைச்சல். உளுந்து ஊறப்போட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

மருமகன் சிதம்பரநாதன் கடையை மத்தியானம் வரை பூட்டிவிட்டு என்னைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனார். பெண்டாட்டி முறைத்தாலும் போனார், அதைக் குறித்து வைக்கிறேன். ஜங்ஷன் பக்கம் ஒரு மாடியில் இசைக்கருவிக் கடை. நடத்துகிறவள் ஜெபராணி. கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு மேஜையெல்லாம் கண்ணாடி தேடுகிறவள். ஆனால் விவரக்காரி.

ஒரே ஆள் வாசிக்கவும் வேண்டும், பாடவும் வேண்டும், தபேலாக்காரன் கூடாது, கிட்டார்க்காரன் கூடாது, ட்ராக்கும் கூடாது என்று சொன்னேன். அப்படியானால் அரேஞ்சர் கீபோர்டுதான் என்றாள். இடது கையால் ஒரு கட்டையை அழுத்தினால் போதும், பெட்டியே அதற்குத் தகுந்தாற்போலத் தாளம், கிட்டார் எல்லாம் சேர்த்து வாசிக்கிறது. விரலை மாற்றினால் கூடவே மாறுகிறது, நிறுத்தினால் நிற்கிறது. ட்ராக் அப்படியில்லை, அது பாட்டுக்கு ஓடும், நாம் பின்னால் ஓட வேண்டும். பக்கத்துக் கறுப்புக் கட்டையையும் சேர்த்துத் தொட்டால் பாட்டு சோகமாகிவிடுகிறது. ஆர்மோனியத்தில் என் இடது கைக்குத் துருத்தி போடுகிற வேலை மட்டும்தான். இதில் இடது கைக்குக் கீழே பத்து ஆள் இருக்கிறார்கள்.

மூன்று பெட்டி பார்த்தேன். முதல் பெட்டியின் தபேலா, தகர டப்பாவில் பட்டாணியைப் போட்டுக் குலுக்கினது போல. இரண்டாவது நல்ல பெட்டி, ஆனால் சிலிண்டர் கனம். நான் ஆட்டோவில் ஏற்றி இறக்க வேண்டாமா? மூன்றாவது கனமில்லை, சத்தமும் நயம், மைக் சொருகவும் இடம் இருக்கிறது. அதில் பாடிப் பார்த்தேன். சுருதி கூடுதலாக, மேலே நிற்கிறது.

மருமகனுக்கு இது விளங்கவில்லை. பாடுகிறவர் நிற்கிற சுருதிக்கும் கட்டை என்றுதான் பெயர் என்று சொல்லிக் கொடுத்தேன். ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை. பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. எனக்கு ஐந்தரை. பத்தொன்பது வயதிலிருந்து ஐந்தரை. அந்தப் பெட்டியில் ஐந்தரைக் கட்டையில் கை வைத்துப் பாடினால் மேலே எட்டவில்லை. முதல் இரண்டிலும் பாடிப் பார்த்தேன். அவையும் கூடத்தான் நிற்கின்றன.

“யம்மா, எல்லாப் பெட்டியும் ஒரே சுருதிதான். ஃபேக்டரியில வச்சது” என்றாள் ஜெபராணி.

ஃபேக்டரிக்காரனுக்குக் காது இருக்கிறதா என்று கேட்டேன். அவள் தண்ணீர் கொடுத்தாள்.

படி இறங்கும்போது இன்னொன்று சொன்னாள். எந்தப் பெட்டி வாங்கினாலும் அதில் இருக்கும் தாளம் வெள்ளைக்காரத் தாளம். நம் பாட்டுக்கு வேண்டிய தாளத்தை ஸ்டைல் என்று தனியாகச் செய்து ஏற்ற வேண்டும். இந்த வட்டாரத்தில் அதைச் சுத்தமாகச் செய்கிற ஆள் பாளையங்கோட்டை தேவசகாயம் சார்தானாம்.

வரும் வழியில் மருமகன் ஏதேதோ பேசினார். நான் மனசுக்குள் பல்லவியைப் பாடிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 10, வெள்ளி

மிளகும் உப்பும் போட்டுத் தொண்டையைக் கொப்பளித்தேன். தொண்டையில் ஒன்றும் இல்லை.

ஜனவரி 13, திங்கள், போகி

பரண் மேல் இருந்ததை எல்லாம் கோமதி இழுத்துப் போட்டாள். என் டிரங்குப் பெட்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

தேவசகாயம் பெயர் காதில் விழுந்த நாளிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. எழுதியே வைக்கிறேன்.

எங்கள் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு அவன்தான். தேவு அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். என் வீட்டுக்காரர் போனது 1993 ஜனவரி 17. பதினாறாம் நாள் என் மூத்த ஓரகத்தி வந்து, இனிமேல் உனக்கு எதற்கு என்று என் நிறப் புடவையை எல்லாம் மூட்டை கட்டி எடுத்துப் போனாள். பதினொரு புடவை. ஒவ்வொன்றுக்கும் நிறம் சொல்லுவேன். கோமதிக்கு ஒன்பது வயது, சோறு போட வேண்டுமே, நாற்பத்தோராம் நாள் மேடை ஏறினேன். அன்று பாதியில் கரண்ட் போய்விட்டது, கச்சேரி அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு வாரம் இரண்டு கச்சேரி, குறையில்லாமல் பாடினேன்.

மே 23, கயத்தாறு பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. மயில் கழுத்து நிறப் புடவை, என் கைக்காசில் எடுத்தது. என் பாட்டு என்று ஊருக்கே தெரிந்த பாட்டை அன்றைக்குப் போலப் பாடியதில்லை. மேல் ஸ்தாயி வெண்ணெயாக வந்தது. இரண்டாம் முறை கேட்டார்கள், பாடினேன். இறங்கி வந்து சோடா குடிக்கிறேன், புல்லாங்குழல் வாசிக்கும் சண்முகவேல் அலுத்துக்கொள்கிறார்: “தேவு உனக்கு நாலரைக்கு இறக்கி வச்ச நாள்லேருந்து, உன் பாட்டு வந்தா நான் குழல மாத்த வேண்டியிருக்கு.”

நாலரை. எனக்கு. மூன்று மாசமாக. கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் மொத்தச் சுருதியும் இறங்கிவிடும், விரல் வைக்கிற இடம் மாறாது. அதனால் எனக்குத் தெரியவில்லை. குழுவில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, டீ வாங்கி வருகிறவன் வரைக்கும். எனக்கு மட்டும் தெரியாது.

அன்றே அந்தக் குழுவை விட்டேன். தேவசகாயம் மூன்று கடுதாசி போட்டான். மூன்றையும் பிரிக்காமல் அடுப்பில் வைத்தேன். இன்னொரு ஆளின் விரலை நம்பிப் பாடக்கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்ததுதான். தனியாக வாசித்துப் பாடுவேன் என்று நான் நிற்பது அதனால்தான். பெருமைக்கு இல்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் கிழக்கே பொங்கியது. பேத்தி கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்து போன் போட்டு, ஆச்சி கீபோர்டு வந்தாச்சா என்றுதான் முதலில் கேட்டாள். அம்மாவைக் கூட அப்புறம்தான் கேட்டாள்.

ஜனவரி 18, சனி

கிடைத்துவிட்டது.

மறுபடி அந்தக் கடைக்குப் போனோம். மூலையில் ஒரு மேஜையில் வேறொரு பெட்டி. காலையில் நாசரேத்துக்காரர் ஒருவர் வெகு நேரம் அதில் பாடிப் பார்த்துவிட்டுப் போனாராம், அணைக்காமல் அப்படியே கிடந்தது. ஜெபராணி போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள், நானே போய் உட்கார்ந்தேன். ஐந்தரையில் கை வைத்துப் பாடினேன். என் குரல் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. மேலே போனேன், வெண்ணெய். சரணம் வரைக்கும் பாடிவிட்டுத்தான் நிமிர்ந்தேன். மருமகன் கைதட்டினார். கிட்டார் வாங்க வந்த ஒருவர் பாட்டு முடிகிற வரை படியிலேயே நின்றிருந்தார்.

இதுதான் சுருதி ஒழுங்காக வைத்த பெட்டி, மற்றதெல்லாம் சுருதி கூட என்று சொன்னேன். ஜெபராணி கண்ணாடியைத் தேடினாள். அவள் கண்டுபிடிப்பதற்குள் நான் இதையே கட்டு என்று சொல்லிவிட்டேன். பார்வைக்கு வைத்ததைக் கொடுக்க மாட்டார்களாம், அதே நம்பரில் சீல் உடைக்காத பெட்டி ஒன்றைக் கொடுத்தாள்.

கனமும் சரி. அறுபத்தொரு கட்டை. ஸ்பீக்கர் அதிலேயே இருக்கிறது. சின்னத் திரையில் இடது ஓரத்தில் ஒரு சிறு கோடு, பக்கத்தில் 3 என்று போட்டிருந்தது. அந்த ஜாதிப் பெட்டிக்கு அது அடையாளம் போலிருக்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

ஏமாற்றிவிட்டாள்.

சீல் உடைத்து, ஸ்டாண்டில் ஏற்றி, சாம்பிராணி காட்டி, ஸ்விட்சைப் போட்டேன். ஐந்தரையில் கை வைத்தேன். சுருதி கூட. அந்த மூன்று பெட்டி போலவே கூட. திரையைப் பார்த்தேன். கடையில் கோடும் 3-ம் இருந்த அதே இடத்தில், இதில் 0 இருக்கிறது. காட்டியது ஒரு பெட்டி, கட்டிக் கொடுத்தது ஒரு பெட்டி.

ஜெபராணி வீட்டு நம்பருக்கே போன் போட்டேன். கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள் போல. அங்கே கோடு போட்டு மூன்று இருந்தது, இங்கே சைபர் இருக்கிறது, என் கண்ணை நீ ஏமாற்ற முடியாது என்றேன். அவள் கோபப்படவில்லை. மெதுவாக ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

“யம்மா, அது டிரான்ஸ்போஸ்.”

அந்த வார்த்தை எனக்குத் தெரியும், மொத்தச் சுருதியையும் இறக்குகிற பொத்தானுக்கு அதுதான் பெயர். போனை வைத்துவிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

இட்லிக்கு ஆட்டினேன். வெந்தயம் கொஞ்சம் கூடிவிட்டது. பெட்டி மேல் தூசி விழக்கூடாது என்று டிரங்குப் பெட்டியில் இருந்து ஒரு பழைய ஊதாப் புடவையை எடுத்து மடித்துப் போர்த்தினேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, நான் ஊதா கட்டுகிறவள் இல்லை. ஆனால் நல்ல துணி.

ஜனவரி 22, புதன்

காலையில் இருந்து சைபரில் வைத்தே பாடினேன். நேற்றும் அப்படித்தான். பழக்கம் விட்டுப்போனதுதான் காரணம், பாடப் பாடத் தொண்டை ஏறும். மூன்று மணிக்குமேல் காற்றுதான் வந்தது.

கோமதி வந்து ஸ்விட்சை அணைத்தாள். நான் கையைத் தட்டிவிட்டேன். அவள் நகரவில்லை.

“தேவு மாமா அமுக்குனத நான் பாத்தேம்மா. பின்னால உக்காந்திருந்தேன்ல. விரல வாயில வச்சுக் காட்டுனாரு. நானும் சொல்லல.”

நீயுமா என்று கேட்டேன். பெற்ற பிள்ளையும் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

அப்புறம் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பின்னால் மாற்றிச் சொல்லக்கூடாது. நாற்பத்தோராம் நாள் கச்சேரியில் கரண்ட் போகவில்லையாம். நான் பல்லவியில் ஒரு வரியிலேயே நின்றுவிட்டேனாம். அதையே திரும்பத் திரும்பப் பாடினேனாம், குரல் வரவில்லையாம், கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியதாம். தேவு மாமா குனிந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கரண்ட் போச்சு என்று சத்தமாகச் சொன்னாராம். அதற்கு அடுத்த கச்சேரியில் இருந்துதான் பொத்தானை அமுக்கினாராம்.

அப்படி ஒன்று நடக்கவில்லை. நடந்திருந்தால் எனக்குத் தெரியாதா? ஆறாவது வயதில் நடந்ததை நான் சொல்லுவேன். அன்று கரண்ட் போனது. எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஜனவரி 23, வியாழன்

அந்தக் கச்சேரிக்கு என்ன புடவை கட்டியிருந்தேன் என்று யோசித்தேன். நிறப் புடவை ஒன்றுகூட வீட்டில் இல்லை, வெள்ளை கட்டிக்கொண்டு மேடை ஏறவிட மாட்டார்கள்.

சாயங்காலம் வரை யோசித்தேன். வரவில்லை.

ஜனவரி 25, சனி

பதினான்கு நாள்தான் இருக்கிறது. பெட்டியில் இருக்கிற தாளம் டிஸ்கோவுக்கு ஆகும், என் பாட்டுக்கு ஆகாது. பாளையங்கோட்டைக்குப் போனேன். வேலைக்காகப் போனேன், வேறு எதற்கும் இல்லை. கோமதியும் கூட வந்தாள், பெட்டியைப் பிடித்துக்கொள்ள.

தேவசகாயத்துக்குத் தலை முழுக்க வெள்ளை. விரல் மட்டும் அப்படியே. “வா ஆவுடை” என்றான், நேற்றுப் பார்த்து இன்று பார்க்கிறவன் போல.

“வணக்கம் சார்” என்றேன். குத்த வேண்டும் என்றேதான் சொன்னேன்.

“சாரா? அப்ப நான் யாரு, மேடமா?” என்று கேட்டுக்கொண்டே அவன் பெண்டாட்டி லில்லி உள்ளே இருந்து வந்தாள். பருத்துவிட்டாள். அந்த நாக்கு அப்படியே இருக்கிறது. கோமதியின் கன்னத்தைத் தடவி, காப்பி போட்டுக் கொடுத்து, என் எதிரில் உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

“மூணு கடுதாசிக்கும் பதில் போடல. அது போவட்டும், அது உங்களுக்குள்ள. என் ஊதாப் புடவைய என்ன செஞ்ச? எங்கம்மா எனக்குக் கல்யாணத்துக்கு எடுத்தது. ஒரு நாள் மேடைக்குன்னு கட்டிக்கிட்டுப் போனவ, முப்பத்திரண்டு வருசமா திருப்பித் தரல.”

எந்த மேடைக்கு என்று கேட்டேன்.

“எந்த மேடையா? நாப்பத்தோராம் நாள் மேடை. உன் ஓரகத்திதான் உனக்கு ஒரு நிறம் விட்டு வைக்கலியே. நான்தான் கட்டிவிட்டேன், பின் குத்தி. ஊர்ல எல்லாருக்கும் நாள் கிழமையோட கணக்குச் சொல்லுவா, என் புடவை மட்டும் மறந்துபோச்சு இவளுக்கு.”

காப்பி சூடாக இருந்தது. ஆற்றிக் குடித்தேன்.

தேவசகாயம் பென் டிரைவைச் சொருகி ஸ்டைல் ஏற்றிக்கொண்டிருந்தான். என் பாட்டுக்கு வேண்டியதை 147-ஆம் நம்பரில் வைத்தான். அன்றைக்குக் கரண்ட் போனதா, போகவில்லையா என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. “பந்தல் லைட்டெல்லாம் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு, ஆவுடை. மைக் லைனைத்தான் பிடுங்குனேன். சனம் பாக்குது, நீ அதே வரியில நிக்க. எனக்கு வேற ஒண்ணும் தோணல.”

“கட்டைய இறக்குனது?”

“மறுபடியும் நீ அப்படி நிக்கக் கூடாதுன்னுதான்.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கணும்” என்றான்.

லில்லி தம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகு அவன்தான் கேட்டான், இப்போது எத்தனை கட்டை என்று. பாடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். பல்லவியை எடுத்தேன். மேலே போனதும் காற்று வந்தது. அவன் பொத்தானைத் தொட்டான். தொடுவதற்கு முன்னால் வாய்விட்டுச் சொன்னான்: “அஞ்சு.” பாடினேன். “நாலரை.” பாடினேன், அதிலும் முனையில் நூல் தெரிந்தது. “நாலு.” அங்கே உட்கார்ந்தது. திரையில் அதே கோடு, 3.

இதை ஒரு பட்டனில் சேமித்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டான். அதைத் தொட்டால் தாளமும் சுருதியும் தானாக வந்துவிடும், இறக்கியிருக்கிறது என்ற நினைப்பே இருக்காதாம்.

வேண்டாம் என்றேன். ஒவ்வொரு தடவையும் நானே அமுக்கிக்கொள்கிறேன்.

கிளம்பும்போது, வாரேன் அண்ணே என்று வாயில் வந்துவிட்டது. பழக்கத்தில் வந்தது.

ஜனவரி 26, ஞாயிறு

பெட்டி மேல் போர்த்தியிருந்த துணியைக் கையால் அலசி, நிழலில் காயப்போட்டேன். வேறு வேலை ஒன்றும் செய்யவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

இருபத்திரண்டு பாட்டு தேறிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஸ்டைல் நம்பர் மனப்பாடம், காகிதம் வேண்டாம். ஸ்விட்சைப் போட்டதும் நம்பர், அப்புறம் பொத்தானை மூன்று தரம். கோமதி சொல்லிச் சிரிக்கிறாள், சாமி கும்பிடுகிற மாதிரி அமுக்குகிறாயே என்று. வலது கையில் பாட்டைத் தொட்டுக்கொண்டே போகிறேன், முடிக்கிற இடத்தில் என்டிங் பொத்தான். அதைச் சரியாகத் தொட்டால் பத்து ஆளும் ஒன்றாக நிற்கிறார்கள். எங்கள் குழு ஒருநாளும் அப்படி நின்றதில்லை, தபேலாக்காரர் எப்போதும் ஒரு அடி கூடப் போடுவார்.

நடுவில் ஒன்று எழுத வேண்டும். மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சொல்லாமல் செய்தது தப்பு. அது அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

நேற்று நடந்தது.

ஆறரைக்கே போய்விட்டோம். மருமகன் ஸ்டாண்டைப் போட்டார், கோமதி ஒயரைச் சொருகினாள். அவளும் வந்தாள், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி தலையில் பூ வேறு. வெளியே போர்டில் என் பேரை ஆவுடையம்மாள் என்று முழுசாக எழுதியிருந்தார்கள். இடம் கை கழுவுகிற தொட்டியிலிருந்து நான்கு அடி. தங்கமாரி கல்லாவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ட்ராக்காரனும் வந்து ஒரு டீயை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான். நான் விழுவதைப் பார்க்க வந்தவன். நீல நிறச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா.

முதல் ஐந்து பாட்டு கையும் வாயும் ஒன்றாகப் போனது. சாப்பிடுகிறவர்கள் சாப்பிட்டார்கள். ஒரு அம்மா பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டே தாளத்துக்குத் தலையாட்டினாள். ஆறாவதாக என் பாட்டை எடுத்தேன். சரணத்துக்குள் போகும்போது கரண்ட் போனது.

விளக்கு, விசிறி, பெட்டி எல்லாம் ஒன்றாக நின்றது. என் குரல் மட்டும் தனியாக ஒரு வரி போய் நின்றது. இருட்டில் ஒரு பிள்ளை அழுதது. கோமதி எழுந்துவிட்டாள் என்று அவள் வளையல் சத்தத்தில் தெரிந்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன். பத்து எண்ணுவதற்குள் ஜெனரேட்டர் உறுமி, விளக்கு வந்தது. எல்லாரும் என்னைப் பார்க்கிறது போல இருந்தது. பெட்டி தூங்கி எழுந்த மாதிரி முதலில் இருந்து ஆரம்பித்தது. திரையில் 0.

147, அது மறக்குமா. அழுத்தினேன். தங்கமாரி கல்லாவை விட்டு வெளியே வந்து நின்றார். ட்ராக்காரன் டீயைக் கீழே வைத்தான். விரலைப் பொத்தானில் வைத்தேன். மைக் உயிரோடு இருந்தது.

“ஒரு நிமிசம் பொறுத்துக்கிடுங்க. எனக்கு நாலு கட்டை. பெட்டி அஞ்சரையில நிக்கி” என்றேன்.

அஞ்சு. நாலரை. நாலு. மூன்று தரம் அமுக்கினேன்.

யாரும் நிமிரவில்லை. எதிர் மேஜைக்காரர் சால்னா கேட்டார். முப்பத்திரண்டு வருஷமாக யாருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று இருந்தேனோ, அவர்கள் எல்லாரும் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

விட்ட வரியில் இருந்தே எடுத்தேன். மேல் ஸ்தாயி வெண்ணெய் இல்லை. வெல்லம். கொஞ்சம் கரகரப்பு உண்டு, ஆனால் நின்றது. என்டிங் தொட்டேன், பத்து ஆளும் ஒன்றாக நின்றார்கள். கை கழுவ வந்த ஒருவர் ஈரக் கையோடு தட்டினார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் தட்டினார்கள். ட்ராக்காரன் வெளியே போகிற வழியில், நல்லாருந்துச்சு என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த சனிக்கிழமை ஆறரைக்கே வந்துவிடுங்கள் என்றார் தங்கமாரி. அந்தத் தொட்டியைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னேன். பார்க்கலாம் என்றார்.

இன்று காலையில் தேவசகாயத்துக்குப் போன் போட்டேன். லில்லிதான் எடுத்தாள். எப்படிப் போனது என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். வெறுங்கையோடு வராதே என்றாள். புடவைக் கொசுவத்தில் ஒரு இடம் நைந்திருக்கிறது, அதற்கு அவள் என்ன சொல்லுவாள் என்று எனக்கு இப்போதே தெரியும். சொல்லட்டும்.

பின்னால் யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட எழுதி வைக்கிறேன். பிப்ரவரி 8, சனிக்கிழமை. புடவை ஊதா. நாலு கட்டை. கரண்ட் போனது நிஜம்.